கண்வழிக் கேட்டல்

பகரமும் மகரமும் ஈரிதழும் பொருந்துமிடத்தே பிறப்பன எனத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துரைக்கின்றது. செவியுடைய நமக்கு இஃது இலக்கணச் செய்தி. செவித்திறன் இழந்து, பேசுவோரின் இதழசைவை நோக்கிப் பொருள் கொள்வோர்க்கோ இஃது அன்றாட இடர்ப்பாடு. 'பாலை' எனினும் 'மாலை' எனினும் இதழ்கள் ஒன்றுபோலவே அசைகின்றன. மகரத்தை ஒலிக்கையில் மூக்கின்வழிச் செல்லும் காற்றைக் கண் காண்பதில்லை. செவி உணரும் இவ்வேறுபாட்டை வண்ணத்தால் கண்ணுக்குக் காட்ட இயலுமா?

ஒலியை வண்ணமாக்கும் எண்ணம் புதிதன்று. 1725-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தெல், ஒவ்வோர் இசைச்சுரத்திற்கும் ஒரு வண்ணம் தோன்றும் இசைக்கருவியொன்றைச் செய்யத் திட்டமிட்டார். அதனைக் கண்ட, செவியும் பேச்சும் அற்ற ஒருவரைப் பற்றிச் சிந்தனையாளர் திதரோ 1751-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதுகின்றார். அக்கருவியைச் செய்தவரும் தம்மைப் போன்றவரே என்றும், ஒவ்வொரு வண்ணமும் ஓர் எழுத்து என்றும், அவற்றைக் கூட்டி அவர் பிறரோடு உரையாடுகின்றார் என்றும் அம்மனிதர் எண்ணினாராம். அறிஞர் காட்ட விழைந்தது இசையின் அழகை. கேளாதவர் அதில் கண்டதோ மொழியை! தமக்கு வேண்டுவது யாது என்பதை அவரே நன்கறிந்திருந்தார்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தினர் 1940-களில் பேச்சொலியைப் படமாக்கும் கருவியை உருவாக்கினர். அதுபற்றிய நூல் 1947-இல் வெளிவந்தது. அப்படத்தில் இடமிருந்து வலமாகச் செல்வது காலம். கீழிருந்து மேலாக உயர்வது அதிர்வெண். கருமையின் அடர்த்தி ஒலியின் வலிமை. இன்று கணிப்பொறி அக்கருமைக்கு மாற்றாக வண்ணங்களை இடுகின்றது. 'பாலை'யின் தொடக்கத்தில் இதழ் மூடியிருக்கும் கணம் வெறுமையாகத் தோன்றும். 'மாலை'யில் அதே கணம் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு பட்டையாகத் தெரியும். இதழ் மறைத்ததைப் படம் காட்டுகின்றது.

எனினும் பேச்சு விரைந்தோடுவது. ஒரே எழுத்தும் பேசுவோர்க்கேற்பவும், அடுத்து வரும் எழுத்திற்கேற்பவும் வடிவம் மாறும். இவ்வண்ணக் கோலத்தைப் படிக்க நெடும்பயிற்சி வேண்டும். வண்ண வேறுபாடு காண இயலாதோரும் உளர். ஆதலின் இது செவிக்கு மாற்றன்று. இதழ் நோக்குவோர்க்கு ஒரு துணை. ஒலிப்புப் பயில்வோர் தம் குரலைத் தாமே காணும் கண்ணாடி.

கருவி எத்துணை வளரினும் நம் கடமை ஒன்று உண்டு. கரும்பலகையை நோக்கித் திரும்பி நின்று ஆசிரியர் உரைக்கும் சொல், இதழ் நோக்கும் மாணவனை எட்டுவதில்லை. முகங்காட்டிப் பேசுவோம், அருஞ்சொற்களை எழுதிக் காட்டுவோம். இவ்வுதவிக்குப் பொருட்செலவு இல்லை, மனமே வேண்டும்.