நடுக்குவாதமும் அக்குபங்சர் சிகிச்சையும்

பெங்களூர் பிரேசர் டவுன் போன்ற பகுதிகளில் முதியோரின் இல்லங்களுக்குச் செல்லும் களப்பணியாளரிடம் கேட்கப்படக்கூடிய வினா ஒன்றுண்டு: பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்திற்கு, மாத்திரையுடன் அக்குபங்சரும் செய்துகொள்ளலாமா?

1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த இந்நோயில், நடுமூளையிலுள்ள கருநிற உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அவை தரும் டோபமின் என்னும் இரசாயனப் பொருள் குறைவதால் நடுக்கமும், தசை விறைப்பும், அசைவில் மந்தமும் உண்டாகின்றன. லெவோடோபா மாத்திரை இக்குறையை ஈடுசெய்கிறது.

ஊசி குத்திச் செய்யும் அக்குபங்சர் முறை சீனத்தில் தோன்றியது. 1938இல் அந்நாட்டிற்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவைச் சேர்ந்த டாக்டர் பி. கே. பாசு, பின்னர் அங்கு இதனைக் கற்று, 1959இல் கல்கத்தாவிற்குக் கொணர்ந்தார். 2019இல் மத்திய அரசு இதனை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. எனினும், அங்கீகாரம் வேறு. குறிப்பிட்டதொரு நோய்க்குப் பயன் தரும் என்னும் சான்று வேறு.

அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஆராய்ச்சியொன்று நோக்கத்தக்கது. களைப்பால் வருந்திய 94 பார்க்கின்சன் நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மெய்யான ஊசிச் சிகிச்சையும், மற்றவர் அதுபோலத் தோன்றும் போலிச் சிகிச்சையும் 6 வாரம் பெற்றனர். இரு பிரிவினருக்கும் களைப்புக் குறைந்தது. இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோயாளி உணர்ந்த நலம் பொய்யன்று. ஆயினும் அதனை ஊசியின் ஆற்றல் எனக் கூற இடமில்லை. ஓய்வும், பரிவான கவனிப்பும், நம்பிக்கையும்கூட அதற்குக் காரணமாகலாம்.

வீட்டிலும் இத்தகைய மயக்கம் எளிதில் நேரும். மாத்திரை வேலை செய்யும் வேளையில் நோயாளி நன்கு நடப்பார். அதன் வேகம் தணிந்ததும் தளர்வார். மாத்திரை உண்டு ஒரு மணி நேரம் கழித்து ஊசி குத்திக்கொண்டால், புகழ் முழுவதும் ஊசிக்கே போய்ச் சேரும்! ஆகவே மாத்திரை உண்ட நேரத்தையும் சிகிச்சை நேரத்தையும் ஏட்டில் குறித்து வரச் செய்க. நாற்காலியினின்று எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்தமர ஆகும் வினாடிகளை, சிகிச்சைக்கு முந்தைய வாரங்களிலும் பிந்தைய வாரங்களிலும் நாள்தோறும் ஒரே வேளையில் அளந்து எழுதுக.

ஊசியை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்துதல் பெருந்தீங்கு. கடும் விறைப்பும் காய்ச்சலும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கிருமியற்ற ஊசிகளையே ஏற்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் முன்னதாக மருத்துவரைக் கலந்துகொள்க. மூளையில் மின்தூண்டு கருவி பொருத்தப்பெற்றவருக்கு, ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறை ஆகாது.