திறந்த கோப்புகளைத் தாவல்களாகக் காட்டுதல்: விம் உரைத்தொகுப்பானில் ஏர்லைன் துணைநிரலின் அமைப்பு

கள நிலையங்களிலிருந்து வரும் அளவீடுகளைக் கணிப்பொறியில் பதிவு செய்வோர் ஒரே வேளையில் பல கோப்புகளைத் திறந்து வைத்துப் பணியாற்ற வேண்டியவராகின்றனர். காலை 8.30 மணிக்கு எடுக்கப்பெற்ற மழையளவை ஒரு கோப்பிலும், வெப்பநிலையை மற்றொன்றிலும், நிலையத்தின் குறிப்புகளை மூன்றாவதிலும் எழுதுவது வழக்கம். பல நிலையங்களின் பதிவுகள் ஒரே பணியாளரிடம் வந்து சேரும்போது கோப்புகளின் பெயர்களும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. நாகபுரி அடைவிலும் 'மழை' என்றொரு கோப்பு, நாசிக் அடைவிலும் 'மழை' என்றொரு கோப்பு. ஒன்றின் எண்ணை மற்றொன்றில் எழுதிவிட்டால் தொகுப்பான் பிழை எதையும் அறிவிப்பதில்லை. அந்த எண் மாதத் தொகையிலும் ஆண்டுச் சராசரியிலும் அமைதியாகக் கலந்துவிடும். எக்கோப்பில் எழுதுகிறோம் என்பது கண்ணுக்கு எப்போதும் தெரியும்படி திரையை அமைத்துக்கொள்வது இக்காரணத்தால் இன்றியமையாததாகிறது.

விம் என்பது யூனிக்ஸ் மரபில் வந்த உரைத்தொகுப்பான். பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1976-இல் உருவாக்கிய 'விஐ' என்பது இதன் மூதாதை. நெதர்லாந்து நாட்டின் பிராம் மூலனார் 1991-இல் விம்மை வெளியிட்டு, 2023-இல் மறையும் வரை அதனைப் பேணிவந்தார். விலையின்றிக் கிடைக்கும் இந்நிரலைப் பயன்படுத்துவோர் உகாண்டா நாட்டுச் சிறார்களுக்கு இயன்றது உதவுமாறு அதன் முகப்புத் திரையே வேண்டிக்கொள்வது, மென்பொருள் உலகில் அரிதாகக் காணப்படும் வழக்கம். சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' இயக்கமுறைமையிலும் விம்மை நிறுவிக்கொள்ளலாம்.

தாவல்களை அமைக்குமுன் மூன்று சொற்களின் வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். பயில்வோர் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பதிவறையிலிருந்து எடுத்துவந்து கையருகில் வைத்திருக்கும் கட்டு ஒவ்வொன்றும் 'இடையகம்' ஆகும். அதாவது கணிப்பொறியின் நினைவில் ஏற்றப்பட்ட கோப்பு. அக்கட்டுகளுள் ஒன்றை மேசைமீது பிரித்து வைத்துப் படிக்கும் இடம் 'சாளரம்'. ஒரே மேசையில் இரண்டு மூன்று கட்டுகளைப் பிரித்து வைக்கலாம். ஒரு கட்டின் இரு பக்கங்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடவும் செய்யலாம். இவ்வாறு பரப்பிய மேசை முழுவதும் 'தாவற்பக்கம்' எனப்படும். 2006-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல் விம்மில் இத்தகைய மேசைகள் பலவற்றை வைத்துக்கொள்ள வழியுண்டு.

பிற தொகுப்பான்களில் ஒரு தாவல் என்றால் ஒரு கோப்பு. அப்பழக்கத்தோடு வருவோர் விம்மிலும் கோப்புக்கு ஒரு தாவற்பக்கம் திறக்கின்றனர். ஒரு கட்டுக்கு ஒரு மேசை வாங்குவது போன்றது இது. கோப்புகளைத் தாவல்களாகக் காண விரும்புவோர் இடையகங்களின் பட்டியலையே திரையின் உச்சியில் வரிசையாகக் காட்டச் செய்வதுதான் பொருத்தமானது. ஏர்லைன் என்னும் துணைநிரலின் 'டேப்லைன்' பகுதி இதனைச் செய்கிறது.

நிறுவுவதற்குமுன் ஒன்றைச் சோதித்தல் நலம். டெபியன் வழிவந்த முறைமைகளில் தொடக்கத்தில் இருப்பது பெரும்பாலும் விம்மின் சிறுபதிப்பு. துணைநிரல்களை இயக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. முக்காற்புள்ளியிட்டு 'வெர்ஷன்' என்னும் ஆணையைக் கொடுத்தால் வரும் பட்டியலில் 'ஈவல்' என்னும் சொல்லுக்குமுன் கூட்டற்குறி இருக்க வேண்டும். கழித்தற்குறி இருப்பின் முழுப்பதிப்பை நிறுவிய பின்னரே மேற்செல்ல இயலும். அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்து ஒரு பொழுதை வீணாக்கியபின் இதனைக் கண்டறிவதினும் முதலிலேயே கண்டறிவது நன்று. 2016-இல் வந்த எட்டாம் பதிப்பு முதல், பயனரின் 'விம்' என்னும் மறை அடைவுக்குள் 'பேக்', அதனுள் விரும்பிய பெயரில் ஓர் அடைவு, அதனுள் 'ஸ்டார்ட்' என அமைத்து, அங்கே துணைநிரலை வைத்தால் அது தானே இயங்கும்.

பயனரின் அமைப்புக் கோப்பில் முதலில் எழுத வேண்டுவது 'செட் ஹிடன்' என்னும் வரி. இஃதின்றேல், மாற்றிய கோப்பைச் சேமிக்காமல் மற்றொன்றுக்குச் செல்ல முயலும்போது விம் தடுத்து, வேண்டுமானால் ஆச்சரியக்குறி சேர்க்குமாறு அறிவிக்கும். அக்குறியை எங்கும் சேர்க்கும் பழக்கம் அபாயமானது. வெளியேறும் ஆணையோடு சேர்ந்தால் சேமிக்காத மாற்றங்கள் அனைத்தும் அழியும். இவ்வரி இருப்பின் மாற்றிய கோப்பு நினைவிலேயே மறைந்து நிற்கும்.

அடுத்தது டேப்லைனை இயக்கும் வரி. 'லெட்' என்னும் ஆணைச்சொல்லை அடுத்து 'ஜி' என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் வரும். பின் ஏர்லைன், எக்ஸ்டென்ஷன்ஸ், டேப்லைன், எனேபிள்ட் என்னும் நான்கு சொற்கள் இடையில் வெளியின்றி, # குறியால் இணைக்கப்பெற்று நிற்கும். இறுதியில் சமக்குறியும் 1 என்னும் எண்ணும். ஏனைய அமைப்புகளும் இதே வடிவின. நான்காம் சொல் மட்டுமே மாறும்.

தொடக்கத்தில் கூறிய நாகபுரி, நாசிக் சிக்கல் இங்கேதான் தலைகாட்டுகிறது. இடத்தைச் சேமிக்கும்பொருட்டு ஏர்லைன், அடைவுகளின் பெயர்களை இயல்பாகவே முதலெழுத்தாகச் சுருக்கிக் காட்டும். இவ்விரு ஊர்ப்பெயர்களும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே எழுத்தில் தொடங்குவன. ஆகவே இரு தாவல்களும் வேற்றுமையின்றி ஒரே பெயரோடு நிற்கும். உதவிக்கு வந்த கருவியே மயக்கத்தை வளர்ப்பதாக முடியும். இதனை நீக்க, நான்காம் சொல்லாக 'ஃபார்மேட்டர்' என்பதை இட்டு, அதன் மதிப்பாக யூனிக், டெயில், இம்ப்ரூவ்ட் என்னும் மூன்று சொற்களை அடிக்கோட்டால் இணைத்து மேற்கோட்குறிக்குள் எழுதவேண்டும். அப்போது தனித்த பெயருடைய கோப்புகள் பெயரளவில் சுருக்கமாகவும், ஒத்த பெயருடையவை தம்மை வேறுபடுத்தும் அடைவின் பெயரோடும் காட்டப்பெறும். அடைவுப் பெயர் எப்போதும் முழுமையாகத் தெரிய விரும்புவோர் இதற்கு மாறாக 'எஃப்நேம்கொலாப்ஸ்' என்பதன் மதிப்பை 0 ஆக்கலாம். பல நிலையங்களைக் கையாள்வோருக்கு முன்னதே ஏற்றது; குறுகிய திரையில் நீண்ட பெயர்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும்.

'பஃபர்', 'என்ஆர்', 'ஷோ' என்பவற்றை அடிக்கோட்டால் இணைத்து மதிப்பை 1 ஆக்கினால், ஒவ்வொரு தாவலிலும் இடையகத்தின் எண்ணும் தோன்றும். முக்காற்புள்ளி, 'பி', பின் அந்த எண் என விசையழுத்தினால் அக்கோப்புக்கு நேரே செல்லலாம். ஒரு கோப்பை மூடியபின் அதன் எண் பிறிதொன்றுக்குத் தரப்படுவதில்லை. 1, 3, 4 என இடைவெளி விழுவது கண்டு ஐயுற வேண்டியதில்லை. இரு கோப்புகளுக்கிடையே மட்டும் மாறி மாறிச் செல்ல, கன்ட்ரோல் விசையோடு 6-ஐ அழுத்துவது போதும்.

இவ்வளவும் செய்த பின்னர் எவரேனும் இரண்டாவது தாவற்பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டால் உச்சிவரி மாறி, மேசைகளின் பட்டியலைக் காட்டத் தொடங்கும். கோப்புகள் காணாமற்போயின என்று பதற்றமுற வேண்டா. 'டேப்குளோஸ்' ஆணையால் மிகையான பக்கத்தை மூடினால் பழைய வரிசை திரும்பும். தாவல்களுக்கிடையே கட்டங்களும் கேள்விக்குறிகளும் தோன்றின், பவர்லைன் எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அதற்குரிய அமைப்பு இயக்கப்பட்டுள்ளது என்பது பொருள். அழகுக்கான அவ்வமைப்பை நீக்கிவிடுவதால் குறை ஒன்றுமில்லை.

வகுப்பில் கற்பிப்போர் துணைநிரலை முதல் நாளிலேயே காட்டாது, முக்காற்புள்ளியை அடுத்து 'எல்', 'எஸ்' என்னும் இரு எழுத்துகளாலான ஆணையை முதலில் பழக்குவது சாலச் சிறந்தது. அது தரும் பட்டியலில் % குறி நடப்புக் கோப்பையும், # குறி முன்னர்ப் பார்த்த கோப்பையும், + குறி சேமிக்கப்படாத மாற்றத்தையும் உணர்த்தும். தொலைவிலுள்ள வழங்கியொன்றில் நுழைந்து பணிசெய்யும்போது துணைநிரல் அங்கே இராது, இவ்வாணை இருக்கும்.

+ குறி ஏர்லைன் தாவலிலும் கோப்பின் பெயரை அடுத்து வரும். 'ஹிடன்' அமைப்பை ஏற்றவர் இக்குறியைப் புறக்கணித்தல் கூடாது. மறைந்து நிற்கும் கோப்பு வட்டில் எழுதப்பட்ட கோப்பன்று. 'டபிள்யூ', 'ஏ' என்னும் ஆணை எல்லாவற்றையும் ஒருங்கே சேமிக்கும். மின்தடை நேரின், விம் 200 எழுத்துகளுக்கு ஒருமுறையோ, விசைப்பலகை 4 நொடி ஓய்ந்திருக்கும்போதோ இடமாற்றுக் கோப்பில் எழுதிவைத்ததைக் கொண்டு பெரும்பகுதியை மீட்கலாம். விம்மைத் தொடங்கும்போது கழித்தற்குறியும் சிறிய 'ஆர்' எழுத்தும் கோப்பின் பெயரும் கொடுத்து மீட்டு, சரிபார்த்துச் சேமித்தபின் பழைய இடமாற்றுக் கோப்பை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அக்கோப்பைத் திறக்குந்தோறும் எச்சரிக்கை தோன்றிக்கொண்டே இருக்கும்.