சீமைக்கு ஒரு சிப்பாய்ப் பெயர்



முதல் உலக யுத்தத்தைப் பற்றிய ஆங்கில நூலொன்றில் 'பிளைட்டி' என்ற பதத்தைக் கண்டு, அது எந்த ஊர் என்று கேட்டு எழுதியிருந்தாய். அது இங்கிலாந்துக்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இட்டு வழங்கிய செல்லப் பெயர்; ஆனால் அதை அவர்கள் கற்றுக்கொண்டதோ நம் தேசத்துப் படைமுகாம்களில்.

ஆட்சி, ஆளப்படும் நாடு என்ற அர்த்தங்களையுடைய 'விலாயத்' என்ற அரபுச் சொல், பாரசீகத்தின் வழியாக ஹிந்துஸ்தானியிலே புகுந்து, அந்நிய தேசத்தைக் குறிக்கலாகி, ஆங்கிலேயர் ஆதிக்கம் ஓங்கிய பின்னர் அவர்களுடைய நாட்டுக்கே சிறப்பாக உரியதாயிற்று. அங்கிருந்து வந்தவையெல்லாம் 'விலாயத்தி'. பேச்சு வழக்கில் 'பிலாயத்தி'. 1886-இல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியைப் புரட்டினால், சோடாவுக்குப் 'பிலாயத்தி பானி' என்று பெயர் வழங்கியதைக் காணலாம். நாம் மண்ணெண்ணெயைச் சீமையெண்ணெய் என்பதும் இதே போக்குத்தான். அந்தப் 'பிலாயத்தி'யே சிப்பாய்களின் நாவில் தேய்ந்து 'பிளைட்டி' ஆயிற்று. நம்மவர் வாயில் அந்நிய தேசமாக இருந்தது, அவர்கள் வாயில் சொந்த வீடாகிவிட்டது.

1914-இல் மூண்ட யுத்தம் இச்சொல்லுக்கு விபரீதமான மற்றோர் அர்த்தத்தையும் தந்தது. பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளின் பதுங்குகுழிகளில் சேற்றிலும் குளிரிலும் கிடந்தவர்கள், உயிரைப் போக்காமல், ஆனால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பியே தீரவேண்டிய அளவுக்குப் பட்ட காயத்தையும் 'பிளைட்டி' என்றே சொன்னார்கள். தோளில் குண்டு பாய்ந்து தூக்குக் கட்டிலில் போகிறவனைப் பார்த்து, "இவனுக்குப் பிளைட்டி கிடைத்துவிட்டது" என்று தோழர்கள் சொன்னால், அதில் அனுதாபத்தைக் காட்டிலும் பொறாமையே மிகுதி. அத்தகைய காயத்தைத் தானே உண்டாக்கிக் கொண்டவனுக்கோ ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை காத்திருந்தது.

'பிளைட்டர்' என்ற வசவையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. அது பயிருக்கு வரும் நோயைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பி உறவு கொண்டாடுவது சொல்லாராய்ச்சிக்கு ஆகாது.

ஆகவே, பழைய கொச்சைச் சொல் ஒன்று எதிர்ப்பட்டால், அகராதியைப் பார்த்த அளவில் திருப்தியடைந்துவிடாமல், அதைச் சொன்னவன் யார், எங்கிருந்து சொன்னான், எந்த நிலையில் சொன்னான் என்ற மூன்றையும் விசாரித்துப் பார். அர்த்தம் அதற்குப் பிறகே முழுமையாகத் தெரியும்.