ஒளியைக் கூண்டில் அடைப்பது எப்படி?

மாணவர்களே, வீட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள். 'டிங்' என்ற ஓசை சற்று நேரம் நீடிக்கும். பிளாஸ்டிக் குவளையைத் தட்டினால் 'டொக்' என்று உடனே அடங்கிவிடும். இரண்டும் அதிர்கின்றன. டம்ளர் தன் ஆற்றலை மெல்ல இழக்கிறது, குவளை சட்டென்று இழந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டை எண்ணால் சொல்வதுதான் தரக் காரணி. அதன் குறியீடு 'கியூ'. கியூவை 6.28 ஆல் வகுத்தால் வரும் எண்ணிக்கை அலைவுகள் முடியும்போது, ஆற்றலில் ஏறத்தாழ 37 விழுக்காடு மிஞ்சியிருக்கும்.

ஒளியும் அலைதான். அதையும் ஒரு சிறிய இடத்தில் இப்படி நீடிக்க வைக்க முடியுமா? எதிரெதிரே இரண்டு கண்ணாடிகளை வைத்தால் போதாதா என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல வெள்ளிப் பூச்சுகூட ஒவ்வொரு மோதலிலும் 2 விழுக்காடு ஒளியை விழுங்குகிறது என்று வையுங்கள். 100 மோதலுக்குப் பிறகு மிஞ்சுவது 13 விழுக்காடுதான்.

வேறு வழிக்கான குறிப்பு ஒலியில் கிடைத்தது. லண்டன் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடத்தின் அடியில், ஏறத்தாழ 34 மீட்டர் குறுக்களவுள்ள வட்ட மாடம் இருக்கிறது. சுவரோரம் ஒருவர் கிசுகிசுத்தால், எதிர்ப்புறச் சுவரோரம் நிற்பவருக்குக் கேட்கும். ஒலி வளைந்த சுவரை ஒட்டியபடியே செல்கிறது என்று லார்ட் ரேலி விளக்கினார். 1921-இல் அங்கு சென்ற நம் சர் சி.வி. ராமன், சதர்லேண்டுடன் சேர்ந்து அளந்து பார்த்தார். சுவரருகே ஒலி ஒரே சீராக இல்லை, ஏறி இறங்குகிறது என்று கண்டார். பிறகு பீஜப்பூர் கோல் கும்பஸ், பாட்னா கோல்கர் ஆகிய கட்டடங்களையும் ஆராய்ந்தார். அதே 1921 பயணத்தில் கடலின் நீலம் அவரைக் கவர்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். இந்தக் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை.

சுவருக்குப் பதில் ஒரு கண்ணாடி வட்டின் விளிம்பை நினைத்துக்கொள்ளுங்கள். படிவம் 4-இல் 'பந்துலான் டாலாம் பெனு' என்று படிக்கும் முழு அகப் பிரதிபலிப்பால், ஒளி விளிம்பை ஒட்டியே சுற்றும். விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் சிதறிவிடும். 2003-இல் அமெரிக்காவின் கால்டெக்கில் வஹாலா குழுவினர், சிலிக்கன் சில்லின் மேல் செய்த சிலிக்காக் கண்ணாடி வட்டின் ஓரத்தை லேசரால் உருக்கினர். சேம்பிலைமேல் நீர்த்துளி திரள்வதுபோல், பரப்பு இழுவிசையே அந்த ஓரத்தை வழவழப்பாக்கியது. கியூ 10 கோடியைத் தாண்டியது! வட்டின் குறுக்களவு 120 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், ஆற்றல் 37 விழுக்காடாகக் குறைவதற்குள் ஒளி ஏறத்தாழ 45,000 சுற்றுச் சுற்றியிருக்கும்.

இதைவிடச் சிறிதாக வேண்டுமென்றால்? சிலிக்கன் நம் கண்ணுக்கு உலோகம்போல் தெரிகிறது. ஆனால் 1.55 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி அதை ஊடுருவும். ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் நோடா குழுவினர், கால் மைக்ரோமீட்டர் தடிப்புள்ள சிலிக்கன் தகட்டில் வரிசை வரிசையாகத் துளைகள் இட்டனர். துளைகளில் சிதறும் அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், துளைக்காட்டுக்குள் ஒளி நுழைய முடியாது. நடுவே மூன்று துளைகளை மட்டும் இடாமல் விட்டனர். அந்த இடமே கூண்டு. பக்கவாட்டில் துளைகள் தடுக்கும். மேலும் கீழும் முழு அகப் பிரதிபலிப்புத் தடுக்கும்.

ஆனாலும் ஒளி கசிந்தது. ஏன்? போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனால் கவனியுங்கள். கற்சுவரில் மோதும் அலை மேலே தெறிக்கிறது. சரிவான மணலில் ஏறும் அலை தெறிப்பதில்லை. (மணலில் அலை அடங்கிவிடுகிறது, கூண்டில் ஒளி திரும்பி வருகிறது. உவமை இவ்வளவு தூரம்தான் வரும்.) ஒளியையும் சட்டென்று தடுத்தால், அதன் ஒரு பகுதி பல திசைகளில் சிதறும். சிலிக்கனுக்கு மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 17 பாகை. அதைவிடக் குறைந்த படுகோணத்தில் மேற்பரப்பைத் தொடும் ஒளி வெளியேறிவிடும்.

எனவே 2003-இல் கூண்டின் இரு முனைத் துளைகளையும் 60 நானோமீட்டர் அளவு வெளிப்பக்கம் நகர்த்தினர். அவ்வளவுதான். தடுப்பு மென்மையானது, ஓரத்தில் ஒளி படிப்படியாகக் குறைந்தது. சில ஆயிரமாக இருந்த கியூ 45,000 ஆனது. சுவரை இன்னும் வலுவாக்க வேண்டும் என்றுதான் நானாக இருந்தால் நினைத்திருப்பேன்! இதே வழியில் மேலும் பல துளைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 2017-இல் அக்குழுவினர் 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டினர். அந்த அளவில், துளைச் சுவரில் உள்ள மிக நுண்ணிய சொரசொரப்பும் கணக்கில் வரும். செனவாங் வட்டாரத்தில் சில்லுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினர் இருந்தால், ஒரு தூசுக்கு அங்கே எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. அலைநீளம் 1.55 மைக்ரோமீட்டர், ஒளியின் வேகம் வினாடிக்கு 30 கோடி மீட்டர். முதலில் அதிர்வெண்ணைக் கண்டுபிடியுங்கள். கியூ 1 கோடியே 10 லட்சம் என்றால், அந்தக் கூண்டில் ஆற்றல் 37 விழுக்காடாகக் குறைய எத்தனை நானோ வினாடி ஆகும்? விடை 9-க்கு அருகில் வர வேண்டும்.