அட்லஸ் பிடித்த தங்கைக்கு அக்காவின் யோசனைகள்

புவியியலைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் அதிகம். தேர்வு முடிந்த பிறகும் அட்லஸைப் புரட்டி, நைல் எங்கே கடலில் கலக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்கிறவள் நீ என்றால் இது உனக்குத்தான், தங்கச்சி. அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டே நெதர்லாந்துவரை மேற்படிப்புக்குப் போனவள் சொல்கிறேன்.

முதலில் வீட்டைச் சமாளிக்க வேண்டும். "ஜியாகிரபி படிச்சா டீச்சர் வேலைதானே?" என்று சித்தப்பா கேட்பார். டீச்சர் வேலை நல்ல வேலைதான் என்று சொல்லிவிட்டு மற்றதையும் சொல். மழை வந்தால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று கணிக்க, பயிர்க் காப்பீட்டுக்குச் சேதத்தை அளக்க, மெட்ரோ பாதைக்கு இடம் பார்க்க, எல்லாவற்றுக்கும் வரைபடம் தெரிந்த ஆள் வேண்டும்.

அடுத்து, கல்லூரியில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு வரைபடம் செய். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம். 10 மீட்டர் அகலமுள்ள இடம்கூட அதில் ஒரு புள்ளியாகத் தெரியும். உங்கள் ஊர் ஏரியையோ கண்மாயையோ எடுத்துக்கொள். ஜனவரியில் தண்ணீர் எதுவரை நிற்கிறது, மே மாதம் எதுவரை சுருங்குகிறது என்று 2016 முதல் ஒவ்வொரு வருடமும் கரை வரைந்து பார். வடகிழக்குப் பருவமழை நாட்களில் மேகம் மறைத்துவிடும். அப்போது ரேடார் படம் எடுக்கும் சென்டினல்-1 கைகொடுக்கும். அதற்கு மேகம் தடையில்லை. பிறகு இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தில் அதே ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தது என்று ஒப்பிட்டுப் பார். வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் குறித்துக்கொள். படத்தில் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

விண்ணப்பக் கடிதத்துக்கு இந்த வேலைதான் உயிர். "சிறு வயதிலிருந்தே மேப் என்றால் ஆசை" என்று எல்லோரும் எழுதுவார்கள். அதை ஒரே வரியில் முடித்துவிட்டு, உன் ஏரியைப் பற்றி எழுது. அங்கே எந்தக் கேள்விக்கு உனக்கு விடை கிடைக்கவில்லை, அதற்கு அவர்களுடைய எந்தப் பாடம் உதவும் என்று சொல்.

எங்கே படிப்பது? நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் உள்ள ஐடிசி நிறுவனம் என் முதல் பரிந்துரை. அந்த நாட்டின் பிரதமராக இருந்த நில அளவைப் பேராசிரியர் ஷெர்மர்ஹார்ன், வளரும் நாடுகளின் வரைபடப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர 1950-ல் தொடங்கியது. இப்போது ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு. நம் டேராடூனில் 1966-ல் தொடங்கிய தொலையுணர்வு நிறுவனமும் நெதர்லாந்தின் உதவியோடு வந்ததுதான். வரைபடக் கலையே பிடித்தால் மியூனிக், வியன்னா, டிரெஸ்டன், ட்வென்ட்டே நான்கும் சேர்ந்து நடத்தும் கார்ட்டோகிராபி முதுகலையைப் பார்.

பணம் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ வரும். கல்விக் கட்டணமும் இல்லை. அதற்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் முடிந்துவிடும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற முடக்குக் கணக்கில் ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. 'கட்டணம் இல்லை' என்பதை மட்டும் கேட்டுவிட்டு வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதே.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இனிஷியல். மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம், வங்கி எல்லாவற்றிலும் பெயர் கொடு. அந்தத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடமே செல்லும் என்பதால் அவசரப்பட்டு எழுதிவிடாதே. ஜெர்மனி என்றால், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் வாங்கப் பல்கலைக்கழகத்துக்கு நடக்கவும் வேண்டியிருக்கும். பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியரிடம் கல்லூரி மின்னஞ்சலிலிருந்தே அனுப்பச் சொல்.

கடைசி வருடம்வரை காத்திருக்காதே. உங்கள் ஊர் ஏரியின் படத்தை இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிப் பார்.