உணவும் உடம்பும்: தீட்டிய அரிசி புகட்டும் பாடம்

உடம்பு இல்லறத்தை நடத்துதற்கும் இறைவழிபாடு ஆற்றுதற்கும் வாய்த்த கருவியாகும். கருவி பழுதுபடின் காரியமும் பழுதுபடும். திருவள்ளுவநாயனார் மருந்து என்னும் அதிகாரத்தை அமைத்து, அதிலுள்ள பத்துக் குறள்களுட் பெரும்பாலானவற்றில் உண்ணும் முறையையும் அளவையுமே கூறினார். நோய் வந்தபின் மருந்தை நாடுதலினும், வாராமற் காக்கும் உணவை ஆராய்தல் நன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி, கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களில் வாழும் நம்மவர் இல்லங்களை நோக்குவோம். காலையிற் பாணும் சீனி மிகுந்த தேநீரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளிற் பிசுக்கோத்து. மாலையிற் காலி வீதிக் கடைகளில் வாங்கிய பணிசும் ரோல்சும். இரவில் இரண்டு நிமிடத்தில் வேகும் நூடில்சு. இவற்றை உண்பாரைச் சோம்பர் என்று இகழ்தல் முறையன்று. தாயும் தந்தையும் விடியுமுன் தொழிலுக்குப் புறப்படுகின்றனர். தொடர்மாடி வீட்டில் உரலும் உலக்கையும் வைக்க இடமில்லை. பிட்டு அவிக்கக் கற்பிக்கும் பாட்டியார் யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருக்கின்றார். ஆதலால் வேண்டுவது விளக்கமேயன்றிப் பழியன்று.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். மாந்தர் உண்பதிற் பெரும்பகுதி ஏதேனுமொரு வகையிற் பக்குவஞ் செய்யப்பட்டதே. நெல்லை அவித்துக் குற்றுதலும், பனங்கிழங்கை உலர்த்தி ஒடியலாக்குதலும், பாலைத் தயிராக்குதலும் பக்குவமே. இவை பொருளின் சத்தைக் காக்கும், அல்லது பொருள் கெடாது நெடுநாள் நிற்கச் செய்யும். பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோசு மொன்றெய்றோ 2009 ஆம் ஆண்டில், உணவை அதன் சத்துக்களால் மாத்திரமன்றி, அது ஆலையில் எவ்வளவு மாற்றப்பட்டது என்பதனாலும் வகுத்தல் வேண்டுமென எழுதினார். அவ்வழி வந்த பகுப்பில், இயல்பு சிறிதே மாறிய உணவு முதல் வகுப்பிலும், மாவையும் சீனியையும் எண்ணெயையும் பிரித்தெடுத்து நிறமும் மணமும் கூட்டி மீளச் சமைத்த ஆலையுணவு இறுதி வகுப்பிலும் நிற்கும்.

ஆலை தீட்டுதலால் விளைந்த தீங்குக்கு நம் அரிசியே முதற் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் கீழ்நாடுகளிற் பரவின. தவிடு முற்றும் நீங்கிய வெள்ளரிசி மலிந்தது. அதனோடு கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளரும் பெரிபெரி என்னும் நோயும் பெருகிற்று. அப்பெயர், இயலாமையைக் குறிக்கும் சிங்களச் சொல்லொன்றின் அடுக்கிலிருந்து வந்ததென்பர். யாவாத் தீவில் ஒல்லாந்து வைத்தியர் கிறித்தியான் எயிக்குமன், வெள்ளரிசிச் சோறு உண்ட கோழிகள் நடக்கமாட்டாது விழுதலையும், தவிடுள்ள அரிசியை உண்டபின் எழுதலையும் கண்டார். அவர் காட்டிய நெறியில் ஆராய்ச்சி வளர்ந்தது. 1912 இற் கசிமிர் பங்கு என்பார் வைத்தமின் என்னும் பெயரை இட்டார். 1929 இல் எயிக்குமனுக்கு நோபெற் பரிசு கிடைத்தது. தவிட்டிலுள்ள அச்சத்தாகிய தயமினை 1936 இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய உறொபேட்டு வில்லியம்சு என்பார் தென்னாட்டு நெல்லூரிற் பிறந்தவர்.

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் ஓர் இடமுண்டு. மலாயாவில் வைத்தியராயிருந்த பிராடன் என்பார் 1907 இல் வெளியிட்ட நூலில், தீட்டிய அரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மிக வருந்தினர் என்றும், புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர் என்றும் காட்டினார். இதன் காரணம் யாது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று படியும். பின் தீட்டினும் அது முற்றும் நீங்காது. வைத்தமின் என்னும் பெயர் பிறக்கும் முன்னரே நம் பாட்டியர் நெல் அவித்த பானையில் அந்தப் பாதுகாப்பு இருந்தது.

இக்காலத்துத் தீங்கு வேறுவகையினது; அன்று குறைவு கொன்றது, இன்று மிகுதி கொல்கின்றது. 2019 இல் அமெரிக்காவிற் கெவின் ஓல் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் இருபதின்மரை ஆராய்ச்சி நிலையத்திலேயே தங்கவைத்து, இரண்டு கிழமை ஆலையுணவும் இரண்டு கிழமை இயல்புணவும் கொடுத்தனர். சீனி, கொழுப்பு, உப்பு, நார் ஆகியவை இரண்டிலும் ஒத்திருக்குமாறு பரிமாறி, வேண்டுமளவு உண்ணவிட்டனர். ஆலையுணவின்போது அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி மிகுதியாக உண்டு, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைய எடை கூடினர். இயல்புணவின்போது ஏறக்குறைய அவ்வளவு எடை குறைந்தனர். இலங்கையில் 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வளர்ந்தோரிடையே நிகழ்ந்த ஆய்வில், நீரிழிவுடையோர் கிராமத்தில் நூற்றுக்கு 8.7 ஆகவும் நகரத்தில் 16.4 ஆகவும் காணப்பட்டனர். இவ்வேற்றுமைக்கு உணவு மாத்திரமே காரணமன்று. உடலுழைப்புக் குறைதலும் காரணமாம். ஆயினும் நகரத்து உணவைப் பொருட்படுத்தாது விடுதல் அறிவன்று.

பழையது யாவும் நன்று என்று கொள்ளுதலும் தவறே. குன்னூரில் உணவாராய்ச்சி செய்த உறொபேட்டு மக்காறிசன் 1920 ஐ அடுத்த ஆண்டுகளிற் பலநாட்டார் உணவை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமை உரொட்டி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவு சிறந்தது. சோறே மிகுந்து பாலும் கீரையும் குறைந்த சென்னையார் உணவு பின்தங்கிற்று. நம் முன்னோர் சோற்றுக் குவியலால் மாத்திரம் வலிமை பெற்றிலர். கீரையும், பயறும், மோரும், நாள் முழுவதும் தோட்டத்திற் செய்த உழைப்பும் அவர்க்குத் துணையாயின. நாற்காலியில் இருந்து தொழில் செய்வோன் அவர் உண்ட அளவே உண்பானாயின், குரக்கன் பிட்டும் தீங்கு செய்யும்.

ஆகவே கொழும்பில் வாழ்வோர் எளிதிற் செய்யத்தக்கவை சில கூறுவாம். தவிடு முற்றும் நீக்காத சிவப்புப் புழுங்கலரிசியைத் தேர்க. சோற்றைக் குறைத்து, வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை ஆகியவற்றுள் ஒன்றை நாடோறும் சேர்க்க. இரவிற் கடலையோ பயறோ ஊறவைத்தால் காலையில் அவிக்க நெடுநேரம் வேண்டாம். பிள்ளையின் பையில் பிசுக்கோத்துக்கு ஈடாக அது செல்லும். போத்தற் பானம் வாங்குமுன் அதன் மேலுள்ள நிறக்குறியை நோக்குக; 2016 முதல் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டுதல் இந்நாட்டுச் சட்டமாம். நீரிழிவுடையோர் வைத்தியரைக் கேளாது உணவையோ மருந்தையோ மாற்றற்க.

ஆலயங்களை நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாவில் தாகந்தீர்க்க நிறமூட்டிய பானத்தை வழங்காது மோர் வழங்குக. பிள்ளைகளுக்குக் கடலையும் அவலும் கொடுக்க. கோயிலிற் சுவைத்ததைப் பிள்ளை வீட்டிலும் கேட்கும். அவ்வாறு கேட்கும் பிள்ளை ஒருவன் இருப்பானாயின், பாட்டியாரின் பானை இன்னுமொரு தலைமுறைக்கு அடுப்பில் இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. பச்சரிசியைத் தீட்டுதற்கும் புழுங்கலரிசியைத் தீட்டுதற்கும் சத்து வகையில் உள்ள வேறுபாடு யாது?
2. மலாயாவில் தமிழ்த் தொழிலாளர் பெரிபெரியினின்று பெரும்பாலும் தப்பியது எதனால்?
3. முன்னோர் உணவை முன்னோர் அளவிலேயே நாம் உண்ணலாகாமைக்குக் காரணம் யாது?
4. உம் இல்லத்தில் நேற்று உண்டவற்றுள் ஆலையுணவு எவை? அவற்றுள் நாளையே விடத்தக்கது எது?