எலுமிச்சையும் பருவமும்

பயிர்த்தொழிலுக்கு நிலமும் நீரும் எத்துணை இன்றியமையாதனவோ, காலமும் அத்துணை இன்றியமையாதது. திருவள்ளுவர் 'காலமறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அந்நெறி, எலுமிச்சங்கன்று நடுவோர்க்கும் பொருந்தும்.

குளிர்நாடுகளில் எலுமிச்சைக்குப் பகை உறைபனியாகும். அஃது இளந்தளிரினுள் உள்ள நீரைக் கட்டியாக்கித் தளிரைக் கருக்கிவிடும். ஆதலால், அந்நாட்டார் கன்றைத் தொட்டியில் வளர்த்து, இறுதி உறைபனி நீங்கிய பின்னரே வெளியில் வைப்பர். நம் மாநிலத்திலும் உதகமண்டலத்தில் மார்கழி, தைத் திங்கள்களில் உறைபனி உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் அஃது இல்லை. அங்ஙனமாயின், இங்கு எந்நாளிலும் நடலாமோ?

நானும் நடலாம் என்றே எண்ணினேன். 2015-ஆம் ஆண்டு ஐப்பசியில், அம்பத்தூரில் என் வீட்டுக் கொல்லையில் நன்னாள் பார்த்து ஒரு கன்று நட்டேன். அவ்வாண்டு நவம்பர், டிசம்பர்த் திங்கள்களில் பெருமழை பொழிந்தது. கொல்லையில் பல நாள் நீர் தேங்கிற்று. மண்ணிடைக் காற்று நீங்கவே, வேர் மூச்சின்றி அழுகியது. மழை ஓய்ந்தபின் கன்றைத் தொட்டேன். அது கையோடு வந்துவிட்டது. அண்டை வீட்டு மூதாட்டியார் ஆடியில் மேட்டில் நட்ட கன்றோ தளிர்த்து நின்றது.

"ஐயா, நீங்கள் நாள் பார்த்தீர்கள், பருவம் பார்க்கவில்லையே!" என்றார் அவர். எழுத்தறியாத அவ்வம்மையாரிடம் அன்று நான் பாடம் கேட்டேன்.

மாணவர்களே! குளிர்நாட்டார்க்கு உறைபனி எத்தகையதோ, அத்தகையனவே நமக்குக் கத்திரி வெயிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆனி முதல் ஆவணி வரையுள்ள காலமே நடுதற்கு ஏற்றது. அப்பொழுது வெயில் தணியும். மாலை மழையும் இடையிடையே பெய்யும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வேர் நிலத்தில் ஊன்றிவிடும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 75 செண்டிமீட்டர் உள்ள குழி தோண்டி, மேல்மண்ணுடன் தொழுவுரம் கலந்து நிரப்புதல் வேண்டும். கன்றுகளுக்கிடையே 5 முதல் 6 மீட்டர் இடைவெளி இருத்தல் நலம். தேங்கும் நீர் தண்டைத் தொடாதவாறு, அடியில் மண் அணைத்தலும் வேண்டும்.

மறு ஆண்டு ஆடியில் மீண்டும் ஒரு கன்று நட்டேன். இன்று அது காய்த்து நிற்கின்றது. முதற்காய்களைப் பறித்து அம்மூதாட்டியாரிடமே கொடுத்தேன். ஆசிரியர்க்குக் காணிக்கை அளித்தல் மாணவன் கடமையன்றோ!